தண்ணீருக்கு மட்டும் அளவு

எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று ஒருவரிடம் சொல்லும்படி என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கோலாலம்பூரில் ஓர் அரசு மருத்துவமனையின் நீரிழிவுப் பிரிவில் நான் உணவியல் நிபுணராக வேலை செய்கிறேன். எங்கள் மக்கள் அந்த நோயை இனிப்பு நீர் என்பார்கள். என்னை டயட் மிஸ் என்பார்கள். காலையில் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி வந்து, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன். பிறகு அதில் எதைக் குறைக்க வேண்டும் என்று சொல்வேன். மேசையின் மேல் பிளாஸ்டிக்கில் செய்த சோறு, ரொட்டி சானாய், வாழைப்பழம் எல்லாம் வைத்திருக்கிறேன். எவ்வளவு என்று காட்டுவதற்கு. சில பேர் அந்தச் சோற்றை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள்.

அந்த வருடம் எனக்கு ஏதோ ஆகியிருந்தது. சோகம் என்று சொல்ல முடியாது. வீட்டில் எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் உதடு நம்முடையதாகவே இருக்காதே, அந்த மாதிரி. ஒருவர் வந்து ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது என்று சொன்னால், தலையை எவ்வளவு சாய்க்க வேண்டும், எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. சாய்ப்பேன், பேசாமல் இருப்பேன். மனம் மாத்திரம் சாயங்கால ரயிலில் உட்கார இடம் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். யாரும் குறை சொல்லவில்லை. நல்ல மிஸ் என்றுதான் சொன்னார்கள்.

அப்படிச் சொல்லும்படி கேட்டுப் போன் செய்தவர் வலி தணிப்புப் பிரிவின் டாக்டர், ஒரு சீனப் பெண்மணி. என்னிடம் பல வருடங்களாக வந்துகொண்டிருந்த ஒருவர் டயாலிசிஸை நிறுத்திக்கொள்ள முடிவு செய்துவிட்டாராம். அவர் இனி எதையும் தவிர்க்கத் தேவையில்லை என்று டாக்டர் வீட்டுக்கே போய்ச் சொல்லியிருக்கிறார். அவருடைய மனைவி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, மறுநாளும் பழையபடியே உப்பில்லாமல் சமைத்திருக்கிறார். டயட் மிஸ் சொல்லட்டும் என்றாராம். அதனால் நான் ஒரு தடவை போய்ச் சொல்ல முடியுமா என்று கேட்டார். சனிக்கிழமை போகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மனைவியோடு இருந்தார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். என் அறைக்குள் வருவதற்கு முன் வாசலிலேயே நின்று தலை சீவிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒரு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டால், அடுத்த முறை வந்ததும் முதல் வேலையாக அதைச் சொல்லிவிடுவார், ரயில் எந்த ஸ்டேஷனில் எதனால் தாமதமானது என்று மேலதிகாரியிடம் சொல்வது போல. நான் சொன்ன எல்லாவற்றையும் செய்தவர் அவர். செய்தும் சிறுநீரகம் போயிற்று. அப்படியும் ஆகும். என்னிடம் வருவதற்கு முன்பே பல வருடங்கள் நோய் உள்ளே இருந்து வேலையைப் பார்த்திருந்தது.

செய்தவர் என்று அவரைச் சொல்கிறேன். உண்மையில் செய்தவர் அவருடைய மனைவி. காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், ஒல்லியான, உயரமான பெண்மணி. டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு பத்தியம் இரண்டு மடங்கானது. சர்க்கரையோடு உப்பையும் பார்க்க வேண்டும், பொட்டாசியம் பார்க்க வேண்டும். காய்கறியைச் சிறிதாக வெட்டி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் சமைக்க வேண்டும். சத்தும் ருசியும் அந்தத் தண்ணீரோடு போகும். மீதியை இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். தனக்கென்று அவர் வேறு சமைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒருமுறை அவரே சாதாரணமாகச் சொன்னார். நல்லதுதான் ஆன்டி, உங்களுக்கும் ரத்தக் கொதிப்பு வராது என்று நானும் சொன்னேன்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது தண்ணீர்தான். உடம்பை விட்டு வெளியே போக வழியில்லாததால், உள்ளே போவதை அளக்க வேண்டும். காலையில் அவர் மனைவி ஒரு சிறிய மினரல் பாட்டிலை நிரப்பி வைப்பார். காப்பியோ, மாத்திரை விழுங்கவோ, எல்லாம் அதிலிருந்துதான். பாட்டில் காலியானால் அன்றைய தண்ணீர் முடிந்தது. நம் ஊர் வெயிலில் அது எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததில்லை என்று சொல்லவில்லை. ஆரம்பத்தில் யோசித்திருக்கிறேன்.

சனிக்கிழமைக்கு முன்பே அவருடைய மகள் என் அறைக்கு வந்தார். செமினியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பள்ளி முடிந்து நேராக வந்திருந்தார், விரலில் சாக்பீஸ் பொடி இருந்தது. அப்பாவின் ஒரு கால் முட்டிக்குக் கீழே ஏற்கெனவே போய்விட்டது, கையில் ஊசி குத்த ரத்தக் குழாய் இல்லாமல் கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள், மெஷினில் படுத்தால் பிரஷர் இறங்கி மயக்கம் வருகிறது என்று எனக்குத் தெரிந்ததையே வரிசையாகச் சொன்னார். அதெல்லாம் தெரிந்துதான் பேசுகிறேன் என்பதைக் காட்டுவதற்காகச் சொன்னார் என்று நினைக்கிறேன். பிறகு கேட்டார்.

“அப்பா ஒங்க பேச்சக் கேப்பாரு மிஸ். திரும்ப டயாலிசிஸ் போகச் சொல்லுங்க.”

அது அவருடைய முடிவு, டாக்டர்களும் யோசித்துத்தான் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், நான் அதில் எதுவும் சொல்ல முடியாது என்றேன். குரல் சரியாகத்தான் இருந்தது.

“இத்தன வருஷம் இது சாப்புடாதீங்க, அது சாப்புடாதீங்கன்னு சொன்னீங்கல்ல,” என்றார் அவர். “எதுக்குச் சொன்னீங்க?”

அதற்குப் பதில் உண்டு. அந்தப் பத்தியம் இல்லாவிட்டால் அவர் இன்னும் முன்பே போயிருப்பார். அதைச் சொல்லாமல் டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதை எடுக்காமல் கைப்பையிலிருந்த கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். நான் பிளாஸ்டிக் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் ஓரத்தில் பெயிண்ட் உரிந்திருந்தது. புதியது கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். ஹாலில் ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டிருந்தார்கள். படுத்தபடியே தண்டவாளங்கள் தெரியும். அவர் தலை சீவியிருந்தார். முகம் மஞ்சளாக, உப்பலாக இருந்தது. உட்கார வைத்தால் பேச முடிந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மனைவியையும் கூப்பிட்டு, சொல்ல வந்ததைச் சொன்னேன். இனிமேல் உப்பு பார்க்க வேண்டாம். காய்கறியை வேகவைத்துக் கொட்ட வேண்டாம். பழம் சாப்பிடலாம். இனிப்பு வேண்டுமென்றால் கொஞ்சம் சாப்பிடலாம். சீனி பார்க்க விரலில் குத்த வேண்டியதில்லை. சொல்லச் சொல்ல, இத்தனை வருடங்களாக நான் கட்டியதை நானே ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பது போல இருந்தது. வருத்தமாக இல்லை. வேலை மாதிரிதான் இருந்தது.

அவர் கடைசி வரைக்கும் கேட்டார்.

“எல்லாமா மிஸ்?”

“எல்லாம் அங்கிள்.”

“தண்ணி?”

சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது. டயாலிசிஸ் இல்லாமல் தண்ணீர் குடித்தால் அது நுரையீரலுக்குப் போகும். மூச்சுத் திணறும். அப்படிப் போவது கஷ்டமான சாவு. அதை அந்த வார்த்தையில் சொல்லாமல் சொன்னேன். வாய் காய்ந்தால் ஐஸ் துண்டு வைத்துக்கொள்ளலாம், தொண்டை நனைய ஒரு வாய் குடிக்கலாம், மற்றபடி தண்ணீரை மட்டும் பழைய மாதிரியே பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. வெளியே ஒரு ரயில் போனது, அது போய் முடிகிற வரைக்கும் பார்த்தார்.

“எனக்கு வேறெதும் ஆசையில்ல மிஸ்,” என்றார். “மட்டன் கேக்கல, கேக் கேக்கல. ஒரு கிளாஸ் தண்ணி. முழுசா. யாரும் பாக்காம. அவ்ளோதான்.”

டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அவர் மனைவி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். காப்பி போடுவதற்கு என்று நினைத்தேன். அடுப்பைப் பற்றவைக்காமல் அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, ஹாலுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

“இப்ப அவருக்கு எதக் குடுத்தா சீக்கிரம் போயிருவாரு மிஸ்?”

நான் அவரைப் பார்த்தேன். இந்த வேலையில் எல்லாக் கேள்வியும் காதில் விழுந்தாயிற்று என்று நினைத்திருந்தேன். நோயாளியின் கஷ்டம் பொறுக்க முடியாமல் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு, அதைத் தப்பு என்றும் நான் நினைத்ததில்லை. அவருக்கு என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். தலையை வேகமாக ஆட்டினார்.

“அப்படி இல்ல. எதுன்னு தெரிஞ்சா அத மட்டும் நான் குடுக்க மாட்டேன். பொண்ணு குடுக்கட்டும், சர்ச் ஆளுங்க குடுக்கட்டும். எங் கையால வேணாம்.”

பொட்டாசியம் அதிகமானால் இதயம் நிற்கலாம் என்பது அவருக்குத் தெரியும். நான்தான் பல வருடங்களுக்கு முன்பு அதே வாக்கியத்தில் சொல்லிப் பயமுறுத்தியிருந்தேன். அப்போது அது தேவையாக இருந்தது. இப்போது, ஆன்டி, நீங்கள் கொடுக்கிற சாப்பாட்டால் எதுவும் ஆகப்போவதில்லை, சிறுநீரகம் நின்றதால்தான் எல்லாம் ஆகும், நீங்கள் ஒரு வாழைப்பழம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அதே நாட்கள்தான் என்றேன். அது முழு உண்மையா என்று கேட்டால் ஏறக்குறைய உண்மை. அவர் நம்பினாரா தெரியாது. காப்பி போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

பிரிக்பீல்ட்ஸ் எனக்கு வழியில்தான் இருந்தது. அதை ஒட்டியிருக்கிற கேஎல் சென்ட்ரலில் இறங்கித்தான் தினமும் ரயில் மாறுவேன். அடுத்த வாரம் வேலை முடிந்து ஒரு சாயங்காலம் மறுபடியும் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. யாரும் கூப்பிடவில்லை. போகாமல் இருந்தால் ஒன்றும் தோன்றியிருக்காது, போனதிலும் ஒன்றும் தோன்றவில்லை, போனேன் என்பதுதான்.

அன்று வீட்டில் ஆட்டிறைச்சி வாசனை அடித்தது. மகள் மார்க்கெட்டில் நல்ல கறியாக வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். அம்மா உப்பு போட்டு, மிளகு போட்டு, தேங்காய் அரைத்து ஊற்றிப் பிரட்டல் செய்திருக்கிறார். அவருக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தபோது மகள் போனில் வீடியோ எடுக்கத் தயாராக நின்றாராம். அவர் இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய்க்குக் கையைக் கொண்டுபோனவர் தட்டிலேயே வைத்துவிட்டார்.

நல்லா இல்லியா என்று மனைவி கேட்டிருக்கிறார். நல்லாத்தான் இருக்கு, உப்புதான் கரிக்குது என்றாராம்.

நான் போனதும் இதையெல்லாம் மகள்தான் சொன்னார், குற்றம் சாட்டுகிற மாதிரி. கழிவு ரத்தத்தில் சேரச் சேர வாயில் இரும்பு ருசி வரும், சாப்பாடு பிடிக்காது, அது சமையலின் குறை இல்லை என்று விளக்கினேன். விளக்கம் சரிதான். ஆனால் அவர் மனைவி எழுந்து போய் பிரட்டல் மசாலாவைக் கொஞ்சம் கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“எனக்கும் கரிக்குதே மிஸ். அளவாத்தான் போட்டேன். எல்லாரும் போடற அளவு.”

மகள் ஒரு வாய் எடுத்து ருசி பார்த்தார். உப்பு சரியாகத்தான் இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாளிலிருந்து அந்த வீட்டில் மறுபடியும் கோசு வேகவைத்துத் தண்ணீர் கொட்டினார்கள். அதுதான் அவருக்கு இறங்கியது, அதுவும் ஒன்றிரண்டு கரண்டிதான். மட்டன் பிரட்டலை மகள் டப்பாவில் போட்டு செமினிக்கு எடுத்துப் போனார்.

தண்ணீரைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். ஒரு கிளாஸ் குடிக்கட்டும் என்றார். மூச்சு வாங்கினால் கொடுக்க வேண்டிய மருந்து வீட்டிலேயே இருக்கிறது, நர்ஸின் நம்பரும் இருக்கிறது. என்ன ஆகலாம் என்பதை அவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் கேட்டால் கொடுங்கள், யாருக்காக இனிமேல் தடுப்பது என்றார். அந்தக் கடைசிக் கேள்வியை அவர் என்னைக் கேட்கவில்லை. அறிக்கை எழுதிக்கொண்டே சொன்னார்.

மறுபடியும் ஒரு சனிக்கிழமை. நான் சொன்னேன், ஒளிக்காமல் சொன்னேன். மூச்சு வாங்கலாம் அங்கிள், பயமாக இருக்கலாம். அவர் கேட்டுவிட்டு, கீழே கடைக்குப் போகலாமா என்றார். வீட்டுத் தண்ணீர் வேண்டாமாம். கடையில் உட்கார்ந்து, ஆர்டர் பண்ணிக் குடிக்க வேண்டுமாம். மனைவி முதலில் வேண்டாம் என்றார். மகள்தான், இந்தக் கதைக்கே ஒத்துக்கொள்ளாத மகள்தான், சரி வாங்கப்பா என்று சக்கர நாற்காலியை எடுத்து வந்தார்.

லிஃப்ட் வேலை செய்தது. கீழே மூலையில் ஒரு மாமாக் கடை, தமிழ் முஸ்லிம்களுடைய சாப்பாட்டுக் கடை. மத்தியானக் கூட்டம் கலைந்திருந்தது. விசிறிக்கு அடியில் மேசை பார்த்து உட்கார்ந்தோம். கடைக்கார அண்ணே அவரைத் தெரிந்தவர்தான், ரொம்ப நாளாச்சே அங்கிள் என்று கேட்டுவிட்டு, எப்போதும் போடுகிற காப்பிதானா என்றார்.

“காப்பி வேணாம். ஐஸ் கோசோங், பெரிய கிளாஸ்.”

வெறும் ஐஸ் தண்ணீர்தானா, வேறெதுவும் வேண்டாமா என்று கடைக்காரருக்குச் சந்தேகம். வெறும் தண்ணீர்தான் என்றார் மகள். பிளாஸ்டிக் கிளாஸில், ஓரம் வரைக்கும் ஐஸோடு வந்தது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தது. அவர் சீப்பை எடுத்து ஒரு தடவை சீவிக்கொண்டு, ஸ்ட்ராவை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துத் தூக்கினார். தொண்டை ஏறி இறங்குவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மனைவியின் உதடு அவரோடு சேர்ந்து அசைந்தது. பாதிக்கு மேல் போனதும் கிளாஸை இறக்கி, மூச்சு விட்டு, மறுபடியும் தூக்கி முடித்தார். ஐஸ் மட்டும் மீதி இருந்தது. அதில் ஒரு துண்டை வாயில் போட்டுக் கடித்தார்.

“கெமாஸ் ஸ்டேஷன்ல ஒரு பைப் இருந்துச்சு,” என்றார். “வண்டி நின்னா எறங்கி ஓடிப் போய் வாய வச்சிக் குடிப்போம். துருப் பிடிச்ச தண்ணி. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான்.”

மகள் போனை எடுத்துப் படம் பிடித்தார். கடைக்காரர் காசு வாங்கவில்லை. தண்ணிக்கு என்ன அங்கிள் காசு என்றார். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். ரோட்டில் மாலைக் கடையில் ஒருவர் மல்லிகைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அவர்களை மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு நான் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

சுபாங் ஜெயா தாண்டியபோது மகளிடமிருந்து மெசேஜ் வந்தது. அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, மருந்து கொடுத்திருக்கிறோம், நர்ஸ் வருகிறார் என்றிருந்தது. நான் அதை இரண்டு தடவை படித்தேன். வருந்துகிறேனா என்று எனக்குள்ளே தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் ரயில் கம்பியைப் பிடித்திருந்த கை நனைந்து வழுக்கியது. கையை மாற்றிப் பிடித்தேன். அதுவும் நனைந்தது. ஷா ஆலம் வந்தபோது இன்னொரு மெசேஜ். இப்போது பரவாயில்லை, கண்ணை மூடிப் படுத்திருக்கிறார் என்று. பிறகு நான் கிள்ளானில் இறங்கி நடக்கும்போது, இன்னும் ஒன்று: நல்லாருந்துச்சுன்னு சொல்றாரு.

அடுத்த புதன்கிழமை காலையில் அவர் இறந்தார். மனைவி பக்கத்தில் இருந்து பாமாலை பாடிக்கொண்டிருந்தபோது, பாட்டு முடிவதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது, ஆனாலும் பாட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன் என்று பின்னால் சொன்னார். மூச்சுத் திணறல் இல்லை. கடைசி இரண்டு நாள் பெரும்பாலும் தூக்கம்தான். எனக்குத் தகவல் வந்தபோது எதிரில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், காலையில் இரண்டு தோசை, சட்னி, மைலோ என்று சொல்லிக்கொண்டிருந்தார். மைலோவில் பால் ஊற்றினீர்களா என்று கேட்டேன்.

அடக்கத்துக்குப் போக முடியவில்லை, கிளினிக் இருந்தது. அந்த வாரக் கடைசியில் வீட்டில் ஜெபக் கூட்டம் வைத்திருந்தார்கள். போனேன். கட்டிலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சர்ச் ஆட்கள் நிறைய பேர். பாடினார்கள், ஜெபித்தார்கள், பிரியாணி பொட்டலம் கொடுத்தார்கள். எனக்கு மகள் தே ஓ, பாலில்லாத டீ, கொண்டுவந்து கொடுத்தார், சீனி போடவில்லை என்று சொல்லி. பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று என் அறையில் பேசியதைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார், நான் பரவாயில்லை என்றேன். பிறகு போனில் அந்தப் படத்தைக் காட்டினார். காலியான கிளாஸைப் பிடித்துக்கொண்டு அவர் சிரிக்கிறார். முன்பல்லுக்கு நடுவில் ஐஸ் தெரிகிறது. இதை ஃபிரேம் போடப் போகிறேன் என்றார் மகள்.

படத்தின் ஓரத்தில் நானும் இருந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருப்பவளுடைய முகம். அவர் சிரிப்பதற்கும் என் முகத்துக்கும் இடையில் ஒரு முழம் தூரம்கூட இல்லை. நான் அங்கே இருந்தது எனக்கு ஞாபகம் இருந்தது, ஆனால் அப்படி இருந்தேன் என்று தெரியாது. மகள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஃபிரேம் போடும்போது அந்த ஓரத்தை வெட்டிவிடச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவர் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சேலையில் இன்னும் உயரமாகத் தெரிந்தார். வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு மிச்சம் நிறைய இருக்கிறது, எடுத்துப் போங்கள் என்றார். நேற்று காலையில் பழக்கத்தில் கோசு வெட்டி அடுப்பில் வைத்துவிட்டாராம். தண்ணீரைக் கொட்டுகிறபோதுதான் ஞாபகம் வந்ததாம். அதைச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

“நான் இனி என்ன சாப்புடறது மிஸ்?”

எனக்குத் தெரிந்த பதில் உடனே வாயில் வந்தது. வயதுக்கு ஏற்ற புரதம், கீரை, பழம், அளவாகச் சோறு. சொல்லத் தொடங்கிவிட்டேன் என்றுகூட நினைக்கிறேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார், என் அறையில் கணவரின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற அதே முகத்தோடு. நடுவில் நிறுத்திவிட்டேன்.

“ஒங்களுக்கு என்ன பிடிக்கும் ஆன்டி?” என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். சாதாரணமாக யோசிப்பது போல் ஆரம்பித்து, பிறகு உண்மையாகவே யோசித்தார். சமையலறைப் பக்கம் பார்த்தார், அங்கே ஏதாவது பதில் இருக்கும் என்பது போல.

“தெரியலயே,” என்றார்.

அவருடைய கணவருக்கு என்ன பிடிக்கும், எது ஆகாது, எந்தக் காயில் என்ன இருக்கிறது என்று எல்லாம் தெரிந்தவர். நான் பல வருடங்களாக அவரிடம் பேசியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் என் அறையில் கணவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். இந்தக் கேள்வியை அன்றுவரை கேட்டதில்லை. நான் அவருடைய கையைப் பிடித்தேன். பயிற்சியில் சொல்லிக் கொடுத்த விதமாகப் பிடித்தேனா, வேறு விதமாகவா என்று சொல்லத் தெரியவில்லை. அவர் கை ஈரமாக இருந்தது, பாத்திரம் கழுவிவிட்டு வந்திருந்தார்.

அன்று ரயிலில் அழுதேன் என்று எழுத எனக்கு ஆசைதான். அழவில்லை. பிரியாணிப் பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு கிள்ளான் வரைக்கும் உட்கார்ந்து வந்தேன். சனிக்கிழமை என்பதால் இடம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள்.

அவர் மனைவி பிறகு செமினிக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். பிரிக்பீல்ட்ஸ் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மகள் ஈஸ்டருக்கு வாழ்த்து அனுப்புவார், நானும் தீபாவளிக்கு அனுப்புவேன். அம்மா நன்றாக இருக்கிறார், பேரப் பிள்ளைகளோடு சேர்ந்து பீட்சா சாப்பிடுகிறார், ஆனால் ரொம்ப உப்பு என்கிறார் என்று ஒருமுறை எழுதியிருந்தார்.

டாக்டர் அதற்குப் பிறகும் சில தடவை இப்படி என்னைக் கூப்பிட்டார். போகிறேன், எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று சொல்கிறேன். இப்போது அது பழகிவிட்டது. என்னுடைய அறையில் ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது. கணவனோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருகிற மனைவிகளிடம், உங்களுக்கென்று ஒரு சின்னச் சட்டியில் தனியாக, உப்பு போட்டு, பிடித்ததைச் செய்துகொள்ளுங்கள் என்று சொல்கிறேன். பெரும்பாலும் அவர்கள் நான் விளையாடுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

“எனக்கு மட்டும் தனியாவா?” என்றார் போன மாதம் வந்த ஒரு பெண்மணி. பூச்சோங்கில் தையல் கடை வைத்திருப்பவர். “எதுக்கு மிஸ், ஒரே சட்டில செஞ்சா வேல முடிஞ்சிரும்லா.”

கொஞ்சம்தான் ஆன்டி, செய்துபாருங்கள் என்றேன். அவர் கணவர், ஆமா செய்யேன் என்றார். அந்தப் பெண்மணி தலையை ஆட்டினார், எல்லோரும் ஆட்டுகிற மாதிரி. செய்தாரா என்று அடுத்த முறை கேட்கலாம் என்று இருந்தேன். அடுத்த முறை கணவர் தனியாகத்தான் வந்தார். கடையில் வேலை அதிகமாம்.